அடமானம் பெற்றவரைக் குத்தகை வழக்கில் சேர்த்தல்: 'இணைப்பு' வேண்டாம்

நண்பர்களுக்கு வணக்கம்.

குத்தகைத் தகராறில் மார்ட்கேஜியை (அடமானத்தின் பேரில் கடன் கொடுத்தவரை) இம்ப்ளீட் செய்வதற்கு, அதாவது வழக்கில் ஒரு தரப்பினராகச் சேர்ப்பதற்கு, நம் சட்டச் சொற்தொகுப்புக்கு 'அடமானதாரர் இணைப்பு' என்ற தொடர் முன்மொழியப்பட்டிருக்கிறது. அதன் இரண்டு பாதிகளிலும் எனக்கு உடன்பாடில்லை.

'அடமானதாரர்' என்றால் யார்? வைத்தவரா, வாங்கியவரா? 'கடன்காரர்' என்ற சொல் கொடுத்தவரையும் வாங்கியவரையும் குறித்துக் குழப்புவது நாம் அறிந்ததே. பேச்சில் இடம் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். மனுவில் அந்த வசதி கிடையாது. இத்தகைய வழக்கில் கட்டட உரிமையாளரே அடமானம் வைத்தவர், அவரே குத்தகைக்கு விட்டவர். எதிரே குத்தகைதாரர், பக்கத்தில் வங்கி. மூவரும் ஒரே பத்தியில் வரும்போது யாருடைய பெயர் எது என்பதில் ஐயமே எழக்கூடாது.

பத்திர நடையில் உள்ள 'எழுதிக் கொடுப்பவர்', 'எழுதி வாங்குபவர்' என்ற இணையை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் வங்கிகள் பெரும்பாலும் நாடுவது 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 58(f) பிரிவிலுள்ள அடமானத்தை. மூலப் பத்திரங்களை ஒப்படைத்தாலே அது உண்டாகிவிடும். எழுதித்தான் ஆகவேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. எழுதாத அடமானத்தில் எழுதி வாங்கியவர் எங்கிருந்து வருவார்?

இலங்கையில் அடமானத்துக்கு 'ஈடு' நிலைத்த சொல். அரச ஈட்டு முதலீட்டு வங்கி என்ற பெயரே இருக்கிறது. எனக்கும் பிடித்த சொல்தான். தமிழ்நாட்டு வாசகருக்கோ 'ஈடு' என்றதும் நட்டஈடு நினைவுக்கு வரும். குத்தகை வழக்கில் நட்டஈட்டுக் கோரிக்கையும் கூடவே இருப்பது வழக்கம். ஆகவே 'அடமானம் பெற்றவர்' என்பதே என் தேர்வு. இலங்கை வழக்கை மாற்றுச் சொல்லாக அருகில் தரலாம்.

இங்கே ஒத்தியையும் பிரித்துக்காட்ட வேண்டும். மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, வாடகையின்றிக் குடியிருந்துவிட்டு, 'லீசுக்கு இருக்கிறேன்' என்று சொல்பவர்கள் ஏராளம். பத்திரத்தின் வாசகத்தைப் பொறுத்து அது சொத்து மாற்றுச் சட்டத்தின் 58(d) பிரிவின்படி அனுபோக அடமானமாகவே (கடன் கொடுத்தவர் சொத்தைத் தம் வசம் வைத்து அனுபவிக்கும் ஒத்தியாகவே) ஆகலாம். அப்படியானால் வீட்டில் இருப்பவரே அடமானம் பெற்றவர். வெளியிலிருந்து ஒருவரைச் சேர்க்கும் பேச்சே எழாது. சொற்தொகுப்பில் இதற்கு ஒரு வரிக் குறிப்பு அவசியம்.

அடுத்தது 'இணைப்பு'. மனுவோடு வைக்கும் ஆவணமும் இணைப்பு, இரண்டு வழக்குகளை ஒன்றாக விசாரிப்பதும் இணைப்பு. ஏற்கெனவே அது சுமக்கும் பொருள்கள் போதும். நீதிமன்றத் தமிழில் 'தரப்பினராகச் சேர்த்தல்' என்ற வழக்கு இருக்கிறது. அதையே 'தரப்புச் சேர்ப்பு' என்று சுருக்கலாம். மனுவின் தலைப்புக்கும் பொருந்தும்: தரப்புச் சேர்ப்பு மனு.

இதைவிட முக்கியமானது, எந்த வகைத் தரப்பினர் என்பது. உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 1 விதி 10(2) இரு வகையினரைச் சேர்க்க இடம் தருகிறது: இல்லாமல் பயனுள்ள தீர்ப்பே தர முடியாதவர், இருந்தால் தகராறு முழுமையாகத் தீரும் என்பவர். ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். உரிமையாளர் கட்டடத்தை வங்கியில் அடமானம் வைக்கிறார். பிறகு அதை ஐந்து ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு விடுகிறார். அடமானப் பத்திரம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, சொத்து மாற்றுச் சட்டத்தின் 65A பிரிவு கட்டடக் குத்தகைக்கு மூன்று ஆண்டுகளுக்கு மேல் அனுமதிப்பதில்லை. வாடகை பாக்கிக்காக உரிமையாளர் வெளியேற்ற வழக்குப் போட்டால் வங்கி இல்லாமலே தீர்ப்பு சொல்லலாம். 'என் ஐந்து ஆண்டுக் குத்தகை வங்கியையும் கட்டுப்படுத்தும்' என்று குத்தகைதாரர் விளம்புகை (உரிமையை அறிவிக்கும் தீர்ப்பு) கேட்டால், வங்கியை விட்டுவிட்டுத் தரும் தீர்ப்பு வங்கியைத் தொடாது, ஆகவே பயனற்றது. வாடகை யாருக்குச் சேரவேண்டும் என்பதும் வழக்கில் கிளம்பினால் வங்கி இருப்பது நல்லது, தகராறு ஒரேயடியாக முடியும்.

இரண்டாவது நிலையில், அதாவது விளம்புகை கேட்கும்போது, வங்கி 'அவசியத் தரப்பினர்' (necessary party). மூன்றாவதில், வாடகை யாருக்கு என்ற கேள்வியில்? ஆங்கிலத்தில் proper party. அதை 'முறையான தரப்பினர்' என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படியானால் மற்றவர்கள் முறைகேடாக வந்தவர்களா! 'உகந்த தரப்பினர்' என்பது என் பரிந்துரை. வெறும் சொல்லழகுக்காக இதைக் கேட்கவில்லை. தரப்பினர் ஒருவர் விடுபட்டதால் மட்டும் வழக்கு தோற்காது என்கிறது அதே கட்டளையின் விதி 9. ஆனால் விடுபட்டவர் அவசியத் தரப்பினரானால் அந்தப் பாதுகாப்பு இல்லை என்று 1976 திருத்தம் விலக்கு வைத்துவிட்டது. மொழிபெயர்ப்பில் இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால், வழக்கு நிற்குமா விழுமா என்பதே வாசகருக்குத் தெரியாமல் போகும்.

குத்தகைதாரரே தம் குத்தகை உரிமையை அடமானம் வைக்கும் நிலையும் உண்டு. சொத்து மாற்றுச் சட்டத்தின் 108(j) பிரிவு அதற்கு இடம் தருகிறது. அங்கும் 'அடமானம் பெற்றவர்' தடங்கலின்றிப் பொருந்துகிறது. ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதுங்கள். குறிப்பாக 'உகந்த' என்பதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் விட்டுக்கொடுக்கத் தயார். 'இணைப்பு' விஷயத்தில் மாட்டேன்.