மறுமொழி: சுவாமிமார் தேர்தலில் நிற்கலாமா?

எல்லோருக்கும் வணக்கம்.

கத்தோலிக்கக் குருமார் தேர்தலில் நிற்கலாமா என்ற கேள்விக்கு டொரன்டோ அண்ணா "நின்றால் என்ன, சுவாமியும் இந்த நாட்டுப் பிரசைதானே" என்று எழுத, சிட்னி அக்கா "கோவிலை விட்டுவிட்டுப் போய் நிற்கட்டும்" என்று பதில் போட, மூன்று நாளாக என் பெட்டி நிறைந்து கிடக்கிறது. நான் லீவில் வந்து இப்போது ஊரில்தான் நிற்கிறேன். நேற்றுப் பின்னேரம் பாலையூற்று லூர்து மாதா கோவிலடியிலும் இதே கதைதான். அங்கே சொன்ன, கட்சித் தலைவரான ஒரு குருவின் கதையையே இங்கேயும் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜேர்மனியில் நான் இருக்கிற இடத்துக்குக் கிட்ட ட்ரியர் என்று ஒரு பழைய பட்டணம். 1881இல் அங்கே பிறந்தவர் லுட்விக் காஸ். ரோமில் படித்து 1906இல் குருவானார். 1918இல் ட்ரியரிலேயே திருச்சபைச் சட்டப் பேராசிரியர். திருச்சபைச் சட்டம் முதன்முதலாக ஒரே நூலாகத் தொகுக்கப்பட்டு நடைமுறைக்கு வந்ததும் அந்த வருடம்தான், ஆகவே மை காயாத சட்டத்தைப் படிப்பித்த மனுசன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடமே, ஜேர்மனியின் புதிய அரசியலமைப்பை எழுதிய வைமார் சபைக்குத் தெரிவானார். 1920 தொடக்கம் 1933 வரை பாராளுமன்றத்தில் இருந்தார். 1928 டிசம்பரில், கத்தோலிக்கரின் கட்சியான சென்ட்ரும் கட்சிக்குத் தலைவரானார். அந்தக் கட்சிக்குக் குரு ஒருவர் தலைவரானது அதுவே முதல் தடவை. கட்சிக்குள் இரண்டு பேர் தலைமைக்கு இழுபறிப்பட்டதால், 'சுவாமியைப் போட்டால் சண்டை அடங்கும்' என்ற கணக்கு. எங்கள் ஊர்ச் சங்கங்களிலும் தலைவர் தெரிவு இப்படித்தானே நடக்கிறது!

1933 மார்ச் 23. ஹிட்லருக்குப் பாராளுமன்றத்தைக் கேட்காமலே சட்டம் போடும் அதிகாரம் வேண்டும், அதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். கம்யூனிஸ்ட்டுகளை உள்ளே வரவே விடவில்லை. சமூக சனநாயகக் கட்சி எதிர்ப்பது நிச்சயம். ஆகவே சென்ட்ரும் என்ன செய்யும் என்பதுதான் கேள்வி. முன்னாள் பிரதமர் புருனிங் உட்படக் கட்சிக்குள் ஒரு சின்னக் கூட்டம் வேண்டாம் என்றது. காஸ், திருச்சபையின் உரிமைகளுக்கும் பாடசாலைகளுக்கும் ஹிட்லர் வாயால் கொடுத்த வாக்குறுதிகளை எழுத்தில் தரும்படி கேட்டார். கடிதம் வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது என்றார்கள். கடைசியில் கட்சி முழுவதும் ஆதரித்து வாக்களித்தது, பாராளுமன்றத்தில் சட்டம் 444க்கு 94 என்று நிறைவேறியது. கடிதம் வரவேயில்லை.

இதைச் சொன்னதும் கோவிலடியில் இருந்த ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர் சிரித்துவிட்டார். எங்கள் ஆட்களுக்கு 1957இல், இலங்கைப் பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் செய்த பண்டா - செல்வா ஒப்பந்தத்தில் கையெழுத்தாவது கிடைத்தது, அடுத்த வருடம் அது கிழிபட்டது. காஸுக்குக் கிழிக்கக்கூட ஒரு தாள் கிடைக்கவில்லை. சட்டம் படிப்பித்தவர், கடிதம் கைக்கு வருமட்டும் வாக்கைப் பிடித்து வைத்திருக்க வேண்டாமா? பயம் ஒரு காரணம், உண்மைதான், வெளியே ஹிட்லரின் சீருடைக்காரர்கள் கத்திக்கொண்டு நின்றார்கள். ஆனால் அதே மண்டபத்தில்தானே 94 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். அவரை மன்னிக்க என்னால் முடிகிறது, பாராட்ட முடியவில்லை.

ஏப்ரலில் ரோமுக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். கட்சி ஜூலை 5இல் தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. ஜூலை 20இல் வத்திக்கானும் ஜேர்மனியும் திருச்சபையின் உரிமைகள் பற்றி ஒப்பந்தம் செய்தன. அந்த உடன்படிக்கையை எழுதியதில் காஸுக்குப் பெரிய பங்கு. அந்த வாக்கு இந்த ஒப்பந்தத்துக்கான விலையா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் அடிபடுகிறார்கள். அதைவிட எனக்குப் பிடிபடாதது அதன் 32ஆம் பிரிவு: குருமார் அரசியல் கட்சியில் சேரவோ கட்சிக்காக வேலை செய்யவோ கூடாது. நாலரை வருடம் கட்சித் தலைவராக இருந்தவரின் கையும் பட்ட பிரிவு அது!

அப்புறம் அவர் வாழ்க்கை நிலத்துக்குக் கீழே போய்விட்டது. வத்திக்கானில் உள்ள பேதுரு பேராலயத்தின் பராமரிப்புப் பொறுப்பு அவரிடம் வந்தது, 1940களில் அதன் அடியில், இயேசுவின் சீடர் பேதுருவின் கல்லறையைத் தேடி நடந்த அகழ்வை மேற்பார்வை பார்த்தார். அகழ்வாளர்கள் எலும்புகளுக்கு மரியாதை கொடுக்கவில்லை என்று மனம் நொந்து, சிலவற்றை எடுத்துப் பெட்டியில் போட்டு ஒதுக்கி வைத்தார். 1952இல் ரோமிலேயே இறந்தார். அவர் ஒதுக்கி வைத்தவற்றை ஆராய்ந்த பிறகுதான் 1968இல் பாப்பரசர் ஆறாம் பவுல், பேதுருவின் எலும்புகள் அடையாளம் காணப்பட்டதாக அறிவித்தார். அதை ஏற்காத ஆராய்ச்சியாளர்களும் இருக்கிறார்கள்.

சரி, கேட்ட கேள்விக்கு வருகிறேன். இப்போது நடைமுறையில் இருப்பது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம். அரச அதிகாரத்தில் பங்குகொள்ளும் பொதுப் பதவிகளைக் குருமார் ஏற்கக்கூடாது என்கிறது 285ஆம் பிரிவு. கட்சிகளிலும் தொழிற்சங்கங்களிலும் முனைப்பாக ஈடுபடக்கூடாது என்கிறது 287. ஆனால் அந்த 287இலேயே ஒரு வாசல் இருக்கிறது: திருச்சபையின் உரிமையைக் காக்கவோ பொது நன்மைக்காகவோ அது தேவை என்று உரிய திருச்சபை அதிகாரி தீர்மானித்தால் ஈடுபடலாம். டொரன்டோ அண்ணா அந்த வாசலைப் பிடித்துக்கொண்டு இனி ஒரு மாதம் எழுதுவார் என்று தெரியும். அக்காவும் விடமாட்டார். எழுதுங்கள், நான் திரும்பிப் போய்த்தான் வாசிப்பேன், இங்கே பின்னேரம் ஆறு மணிக்கு மேல் கரண்ட் இருக்குமென்று நிச்சயமில்லை.