மாதம் எண்பது பக்கம் அச்சிடும் வீட்டுக்கு எந்தக் கார்ட்ரிட்ஜ் சிக்கனம்?

காவிரிக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கும்பகோணத்தில் வசிக்கிறோம். எட்டாம் வகுப்பிலும் பதினோராம் வகுப்பிலும் படிக்கும் என் இரண்டு பிள்ளைகளுக்காக, இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆல்-இன்-ஒன் இங்க்ஜெட் பிரிண்டர் வாங்கினோம். கறுப்புக்கு ஒன்று, மூவண்ணத்துக்கு ஒன்று என இரண்டு கார்ட்ரிட்ஜ் (மைப் பெட்டி) போடும் வகை. பிரிண்டரின் விலை நாலாயிரத்துக்குள் முடிந்தது. ஆனால் அதன் பிறகு கார்ட்ரிட்ஜுக்குக் கொடுத்ததைக் கூட்டிப் பார்த்தால் அதே பிரிண்டரை இன்னும் இரண்டு வாங்கியிருக்கலாம் போலிருக்கிறது.

மாதத்துக்குச் சராசரியாக எண்பது பக்கம் அச்சிடுகிறோம். அதில் பத்துப் பக்கம்தான் வண்ணம். மற்றவை பழைய வினாத்தாள்களும் பாடக் குறிப்புகளும். சென்ற முறை இணையக் கடையொன்றில் பாதி விலைக்குக் கிடைத்த கம்பேட்டிபிள் (பிரிண்டர் நிறுவனத்துடையது அல்லாத, ஆனால் அதில் பொருந்தும்) கார்ட்ரிட்ஜை வாங்கிப் போட்டேன். முப்பது பக்கம் வரை குறையில்லை. அதன் பிறகு ஒவ்வொரு வரியின் மேல்பக்கத்திலும் வெள்ளைக் கோடு விழுந்து, மெய்யெழுத்துகளின் புள்ளிகள் எல்லாம் மறைந்துவிட்டன. 'கண்' என்பது 'கண' என்றும், 'மரம்' என்பது 'மரம' என்றும் அச்சான இலக்கணத் தாளை வைத்துக்கொண்டு பெரியவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

பிரிண்டர் நிறுவனத்தின் அசலையே தொடர்வதா, மை அதிகமுள்ள எக்ஸ்எல் அளவுக்கு மாறுவதா, வீட்டிலேயே மை நிரப்பிக்கொள்வதா, அல்லது இதைத் தூக்கி வைத்துவிட்டு, பாட்டிலிலிருந்து மை ஊற்றும் டாங்க் பிரிண்டர் வாங்குவதா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பேரேடு (பதில்):

அம்மா, பெட்டியின் மீதுள்ள விலையை, அதே பெட்டியிலோ நிறுவனத்தின் தளத்திலோ கொடுக்கப்பட்டிருக்கும் பக்க எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். நீங்கள் மாடலைக் குறிப்பிடாததால், நம் ஊரில் பரவலாகக் கிடைக்கும் எச்பி 680-ஐ உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அதன் கறுப்புக்கு 480 பக்கம், மூவண்ணத்துக்கு 150 பக்கம் என்று நிறுவனம் கணக்குச் சொல்கிறது. ஒவ்வொன்றும் தொள்ளாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கறுப்புப் பக்கம் ஒன்றுக்கு ஏறக்குறைய 1.90 ரூபாய், வண்ணப் பக்கத்துக்கு 6 ரூபாய். கேனான் பிஜி-745 சாதாரண அளவில் 180 பக்கம், அதன் எக்ஸ்எல் 300 பக்கம். உங்கள் பிரிண்டருக்கு எக்ஸ்எல் உண்டென்றால் இரண்டின் விலையையும் இப்படி வகுத்துப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். பெரும்பாலும் எக்ஸ்எல்தான் வெல்லும். புது பிரிண்டரோடு வரும் கார்ட்ரிட்ஜில் பல மாடல்களில் மை குறைவாகவே இருக்கும் என்பதால் அதை வைத்துக் கணக்குப் போட வேண்டாம்.

அந்தப் பக்க எண்ணிக்கையையும் அப்படியே நம்பிவிட முடியாது. ஐஎஸ்ஓ 24711 என்ற தர முறைப்படி, வரையறுக்கப்பட்ட சில சோதனைப் பக்கங்களை நிறுத்தாமல் அச்சிட்டு எடுத்த எண் அது. வீட்டில் நாம் காலையில் இரண்டு பக்கம், மூன்று நாள் கழித்து ஐந்து பக்கம் என்று எடுக்கிறோம். நெடுநேரம் சும்மா இருந்து விழிக்கும்போதெல்லாம் பிரிண்டர் மை தெளிக்கும் தன் முனையைக் கழுவிக்கொள்ளக் கொஞ்சம் மையைச் செலவழிக்கிறது. நான் எப்போதும் கால் பங்கைக் கழித்துவிட்டே கணக்குப் போடுகிறேன். கார்ட்ரிட்ஜ் போடும் நாளில் அதன் முதுகில் மார்க்கர் பேனாவால் தேதியை எழுதிவைப்பது என் பழக்கம். ஓய்வு பெற்ற பின்னும் அலுவலகப் புத்தி போகவில்லை.

டாங்க் பிரிண்டரில் மை மலிவு என்பதில் ஐயமே இல்லை. எப்சன் 003 கறுப்பு பாட்டில் 65 மில்லி. 4,500 பக்கம் வரும் என்கிறார்கள். நானூறு ரூபாய்க்கு வாங்கினாலும் பக்கத்துக்கு ஒன்பது பைசாதான். ஆனால் உங்கள் செலவைப் பாருங்கள்: எழுபது கறுப்பும் பத்து வண்ணமும் சேர்ந்து மாதம் 190 ரூபாய், கழிவையும் சேர்த்தால் 250. பதினோராயிரம் போட்டுப் புதிதாக டாங்க் பிரிண்டர் வாங்கினால், அந்த முதலீடு திரும்பி வருவதற்கு நான்கைந்து ஆண்டுகள் ஆகும். அதற்குள் உங்கள் பெரியவள் கல்லூரியையே முடித்துவிடுவாள். மாதம் இருநூறு பக்கம் எடுப்பவர்களுக்கு அதே முதலீடு இரண்டு ஆண்டுக்குள் திரும்பிவிடும். எனவே இருக்கும் பிரிண்டர் ஓடும் வரை ஓட்டுங்கள் என்பதே என் கருத்து.

இன்னொன்று. அச்சிடும்போது அமைப்பில் கிரேஸ்கேல் (வண்ணமில்லாத அச்சு), கறுப்பு மை மட்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் சில பிரிண்டர்கள் சாம்பல் நிறத்தை மூவண்ணத்தைக் கலந்து உண்டாக்கும். ஆறு ரூபாய் மை அங்கேதான் காணாமல் போகிறது.

மலைக்கோட்டை மெக்கானிக் (பதில்):

திருச்சியில் பிரிண்டர் சர்வீஸ் செய்கிறேன். உங்கள் கம்பேட்டிபிள் ஏன் கோடு போட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எச்பி, கேனான் நிறுவனங்களின் இரண்டு கார்ட்ரிட்ஜ் வகைகளில், மையைத் தெளிக்கும் முனையான பிரிண்ட் ஹெட் கார்ட்ரிட்ஜின் அடியிலேயே இருக்கிறது. இந்த வகைக்குக் கம்பேட்டிபிள் என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை, யாரோ பயன்படுத்தித் தீர்த்த அசல் கார்ட்ரிட்ஜைச் சேகரித்து மறுபடி மை நிரப்பியவைதான். அந்த முனை எத்தனை முறை காய்ந்தது, எத்தனை முறை சூடேறியது என்பது யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு துளைக்குப் பின்னும் மிக நுண்ணிய சூடேற்றி ஒன்று மையைக் கொதிக்க வைத்துத் துளியாக வெளியே தள்ளுகிறது; அதைக் குளிர்விப்பதும் அதே மைதான். மை தீர்ந்த பின்னும் அச்சிட்டுக்கொண்டே இருந்தால் சூடேற்றி கருகிவிடும். அதனால்தான் மேல் வரிசைத் துளைகள் போய், உங்கள் புள்ளிகள் மறைந்தன.

ஆகவே நீங்களே வாங்கிய அசல் கார்ட்ரிட்ஜை, எழுத்து மங்கத் தொடங்கும்போதே நிறுத்தி, மை நிரப்பிப் பயன்படுத்துவது உங்களுக்குச் சரியாக வரும். என் கைக்கு வந்தவற்றில் நல்ல கார்ட்ரிட்ஜ் நான்கைந்து நிரப்பல்களைத் தாங்குகிறது. மேலுள்ள லேபிளை மெதுவாக உரித்தால் துளைகள் தெரியும்; கறுப்பில் ஒன்று, மூவண்ணத்தில் மூன்று. மூவண்ணத்தில் எந்தத் துளைக்கு எந்த நிறம் என்பது மாடலுக்கு மாடல் மாறும் என்பதால், ஒவ்வொரு துளையிலும் ஒரு பல்குச்சியை விட்டு எடுத்து, நுனியில் ஒட்டிய நிறத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிரிஞ்சின் ஊசியை உள்ளே இருக்கும் பஞ்சுக்குள் இறக்கி, ஒரு மில்லி, பிறகு சற்று நிறுத்தி இன்னொரு மில்லி என்று பொறுமையாகச் செலுத்த வேண்டும். துளையின் வாயில் மை பொங்கினால் அதிகமாகிவிட்டது என்று பொருள். கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். லேபிளைத் திரும்ப ஒட்டும்போது காற்று போகும் வழியை அடைத்துவிடாதீர்கள். பிறகு மடித்த டிஷ்யூ தாளின் மீது முனையை லேசாக ஒற்றி எடுத்தால், மூவண்ணம் என்றால் மூன்று நிறப் பட்டைகளும் தனித்தனியே தெளிவாக விழ வேண்டும். இரண்டு நிறம் கலந்து விழுந்தால், தெளியும் வரை புதிய தாளில் ஒற்றிக்கொண்டே இருங்கள்.

முனையையோ கார்ட்ரிட்ஜின் மின்தொடர்புக்கான செம்புப் புள்ளிகளையோ துடைக்கக் குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்பு படியும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும். நிரப்பிய பிறகு மை இல்லை என்றே திரையில் காட்டினால் பயப்பட வேண்டாம். கார்ட்ரிட்ஜில் உள்ள மின்னணுச் சில்லுக்கு மை நிரப்பியது தெரியாது. கேனானில் ஸ்டாப் பொத்தானை ஐந்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் அந்த எச்சரிக்கை நின்றுவிடும். எச்பியின் பல மாடல்களில் தீர்ந்த கார்ட்ரிட்ஜைக் கழற்றி வைத்துவிட்டு மற்றொன்றை மட்டும் கொண்டே அச்சிடலாம். கேனானில் இரண்டும் இருந்தாக வேண்டும்.

எப்சனில் ஹெட் பிரிண்டரிலேயே பொருத்தப்பட்டிருப்பதால், மட்டமான மையால் அடைத்துக்கொண்டால் நட்டம் பிரிண்டருக்கே. அங்கே மட்டும் அசல் மையைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைப்பதில்லை.

பட்டைத்தாள் (பதில்):

இத்தனை பாடும் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. எழுபது பக்கம் கறுப்பு என்றால், பழைய கேனான் எல்பிபி 2900 லேசர் பிரிண்டர் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் பாருங்கள். அதன் 303 டோனரில் (தூள் மைப் பெட்டி) 2,000 பக்கம் வரும். எச்பி 12ஏ டோனரும் அதில் பொருந்தும். டோனர் நிரப்பித் தரும் கடை இல்லாத ஊர் நம் பக்கத்தில் குறைவு. தூள் மை காயாது, ஆறு மாதம் சும்மா கிடந்தாலும் அச்சிடும். மாதம் பத்து வண்ணப் பக்கத்தை ஜெராக்ஸ் கடையில் எடுத்துக்கொள்ளலாம். ஸ்கேன் செய்யும் வசதி அதில் இல்லை என்பது ஒன்றுதான் குறை.

காவிரிக்கரை:

அனைவருக்கும் நன்றி. பிள்ளைகளுக்கு ஸ்கேன் அடிக்கடி தேவைப்படுவதால் லேசர் யோசனையை இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். மெக்கானிக் ஐயா சொன்னபடி, தூக்கிப் போடாமல் வைத்திருந்த பழைய அசல் கறுப்புக் கார்ட்ரிட்ஜை எடுத்து நிரப்பினேன். முதல் முறை ஒரே கோடாக வந்தது. பிரிண்டரே முனையைச் சுத்தம் செய்யும் ஹெட் கிளீனிங்கை இரண்டு முறை கொடுத்தும் பயனில்லை. வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரில் ஈரமாக்கிய தாளின் மேல் முனையைப் பத்து நிமிடம் வைத்து எடுத்த பிறகு புள்ளிகள் எல்லாம் திரும்பிவிட்டன. விரல்கள் மட்டும் மூன்று நாளாகக் கறுப்பு.

ஒரே ஒரு ஐயம். மே மாதம் முழுவதும் ஊரில் இருக்க மாட்டோம். திரும்பி வருவதற்குள் காய்ந்துவிடாமல் இருக்க என்ன செய்வது?

மலைக்கோட்டை மெக்கானிக்:

கிளம்புவதற்கு முன் பிரிண்டரை அதன் சொந்தப் பொத்தானைக் கொண்டே அணையுங்கள். விளக்கு அணையும் வரை காத்திருந்து, அதன் பிறகு பிளக்கைப் பிடுங்குங்கள். பொத்தானில் அணைத்தால்தான் கார்ட்ரிட்ஜ் ஓரத்துக்குப் போய், ரப்பர் மூடியின் மேல் அமர்ந்துகொள்ளும். சுவரில் உள்ள சுவிட்சை நேரடியாகத் தட்டிவிட்டால் நடுவழியிலேயே திறந்த வாயோடு நின்றுவிடக்கூடும். மே மாத வெயிலில் ஒரு வாரம்கூடத் தாங்காது. திரும்பி வந்ததும் எடுத்த எடுப்பில் கிளீனிங் கொடுக்காமல், முதலில் நாசில் செக் (துளைகளைச் சோதிக்கும் பக்கம்) ஒன்று எடுத்துப் பாருங்கள். கோடு விடுபட்டிருந்தால் மட்டும் ஒரு முறை கிளீனிங் கொடுத்து, பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் பாருங்கள். மற்ற மாதங்களில் வாரம் ஒரு வண்ணப் பக்கம் எடுத்தாலே போதும். சின்னவன் படம் ஏதாவது கேட்டால் மறுக்காதீர்கள்.