ஜேம்ஸ்டவுனின் பட்டினிக் காலம்: மீன் நிறைந்த ஆற்றங்கரையில் ஏன் இத்தனை சாவு?

ஏடுபுரட்டி:
வணக்கம். வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் நிலைபெற்ற முதல் குடியேற்றமான ஜேம்ஸ்டவுனைப் பற்றிச் சில நாட்களாகப் படித்து வருகிறேன். 1607 மே மாதம் நூற்றுச் சொச்சம் ஆண்களும் சிறுவர்களும் வர்ஜீனியாவில் ஜேம்ஸ் ஆற்றின் கரையில் இறங்குகிறார்கள். அடுத்த ஜனவரியில் இங்கிலாந்திலிருந்து உதவிக் கப்பல் வந்தபோது உயிரோடு இருந்தவர்கள் 38 பேர்தான். அதைவிடக் கொடியது 1609–10 குளிர்காலம். ஏறத்தாழ 500 பேரில் 60 பேரே தப்பினார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். ஆற்றில் மீனும் காட்டில் மானும் இருந்த இடத்தில் இது எப்படி நேர்ந்தது? உழைக்காதவனுக்கு உணவில்லை என்று குடியேற்றத்தின் தலைவராக இருந்த ஜான் ஸ்மித் கட்டளையிட்டதைக் காட்டி, சோம்பலே காரணம் என்று பலரும் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதுமான விளக்கமாகத் தோன்றவில்லை.

கரையோரன்:
முதலில் அந்த இடத்தைப் பாருங்கள். ஸ்பானியக் கப்பல்களின் கண்ணில் படாமல் ஆற்றுக்குள் தள்ளி அமைய வேண்டும் என்பது வர்ஜீனியா கம்பெனி கொடுத்தனுப்பிய அறிவுரை. ஜேம்ஸ்டவுனில் கரையை ஒட்டியே ஆழம் இருந்ததால் கப்பலை மரத்தில் கட்டிவிட முடிந்தது. மாலுமிகளுக்கு அது பிடித்துப்போயிற்று. ஆனால் சதுப்பு நிலமான அந்த இடத்தில் அப்பகுதிப் பழங்குடியினர் ஊர் வைத்திருக்கவில்லை என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. கடல் ஏற்றம் அங்கு வரை எட்டும். ஏற்றத்தில் ஆற்று நீர் உப்பாகவும், வற்றத்தில் சேறும் அழுக்குமாகவும் இருந்தது என்று அங்கேயே வாழ்ந்த ஜார்ஜ் பெர்சி எழுதியிருக்கிறார். குடித்ததும் அதே நீர்தான். முதல் கோடையில் மடிந்தவர்களில் பெரும்பாலோர் வயிற்றுப்போக்கிலும் காய்ச்சலிலும் போனவர்கள்.

போதாததற்கு மழையும் பொய்த்திருந்தது. அப்பகுதியின் பழைய மரங்களின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்தவர்கள், 1606 முதல் 1612 வரை நீடித்த வறட்சி 770 ஆண்டுகளில் மிகக் கடுமையானது என்று கண்டார்கள். மழை குறைந்தால் ஆற்றில் உப்பு மேலும் ஏறும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பழங்கணக்கன்:
கரையோரன் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் தண்ணீரை மட்டும் வைத்து 1609-ஐ விளக்க முடியாது. வந்தவர்களை அனுப்பிய வர்ஜீனியா கம்பெனி ஒரு வணிக நிறுவனம். அதன் பொருளாளராகத் தலைமை வகித்த சர் தாமஸ் ஸ்மித், கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் தலைவராக இருந்தவர் என்றால் நம் வாசகர்களுக்கு அதன் போக்கு விளங்கும். பொன்னும் பசிபிக் கடலுக்கு வழியும் தேட வேண்டும், தானியத்தைப் பழங்குடியினரிடம் பண்டமாற்றில் வாங்கிக்கொள்ளலாம் என்பதே ஏற்பாடு. வறட்சியில் அப்பகுதிப் பழங்குடியினரின் தலைவரான பவ்ஹாட்டனின் மக்களுக்கே மக்காச்சோளம் தட்டுப்பாடாக இருந்தபோது, கேட்டு வாங்குவது போய் மிரட்டிப் பறிப்பது தொடங்கியது. அதன் விளைவுதான் போர்.

1609 கோடையில் இங்கிலாந்திலிருந்து ஜேம்ஸ்டவுனுக்கு 9 கப்பல்கள் புறப்பட்டன. தலைவர்களை ஏற்றிய 'சீ வெஞ்சர்' புயலில் சிக்கிப் பெர்முடாவில் தரைதட்டியது. மற்றவற்றில் பெரும்பாலானவை விதைப்புக் காலம் முடிந்தபின் வந்து சேர்ந்தன. அக்டோபரில் வெடிமருந்துக் காயத்தோடு ஜான் ஸ்மித்தும் இங்கிலாந்து திரும்பினார். தானியம் தேடிப் போன ஒரு குழுவினர் பிணமாகக் கிடந்தபோது அவர்களின் வாயில் ரொட்டி திணிக்கப்பட்டிருந்தது என்கிறார் பெர்சி. இதைவிடத் தெளிவாக யாரும் பதில் சொல்லியிருக்க முடியாது. அதன்பின் பவ்ஹாட்டன் கோட்டையை முற்றுகையிட்டார். வெளியே போனவன் அம்புக்கு இரையானான். காட்டில் மான் இருந்து என்ன பயன்?

ஏடுபுரட்டி:
நன்றி, முற்றுகை என்ற கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை. இன்னும் ஒன்று: மனித மாமிசம் தின்றார்கள் என்பது உண்மையா, அல்லது கம்பெனிக்கு ஆகாதவர்கள் கட்டிய கதையா?

பழங்கணக்கன்:
நெடுங்காலம் அந்த ஐயம் இருக்கத்தான் செய்தது. 2012-இல் கோட்டைக்குள் ஒரு நிலவறையைத் தோண்டியபோது, வெட்டப்பட்ட குதிரை, நாய் எலும்புகளுக்கு நடுவே ஏறத்தாழ 14 வயதுப் பெண்ணின் மண்டையோடு கிடைத்தது. நெற்றியில் ஆழமில்லாத, தயங்கித் தயங்கிப் போட்ட நான்கு வெட்டுகள். பின்மண்டையில்தான் பலமான வெட்டு. இறந்தபின் போட்ட வெட்டுகள் அவை என்பது ஆய்வாளர்களின் முடிவு. வெட்டியவர் கசாப்புத் தொழில் அறிந்தவராகத் தெரியவில்லை.

கரையோரன்:
அந்த 500 என்ற எண்ணைப் பற்றி ஒரு திருத்தம். அது குடியேற்றம் முழுவதற்குமான கணக்கு. எல்லோரும் கோட்டைக்குள் சாகவில்லை. ஃபிரான்சிஸ் வெஸ்ட் என்பவர் தானியம் வாங்கி வரப் போய், கப்பலை நிரப்பிக்கொண்டு, ஜேம்ஸ்டவுனை எட்டிப்பாராமல் நேரே இங்கிலாந்துக்குப் பாய் விரித்தார். ஆற்றின் முகத்தில், பாயின்ட் கம்ஃபர்ட்டில் இருந்த சிறு காவற்படையோ நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. குளிர்காலம் கழிந்தபின் அங்கு போய்ப் பார்த்த பெர்சி, இவர்கள் பன்றிகளுக்குப் போட்ட நண்டுகள் கிடைத்திருந்தாலே எங்களில் பலர் பிழைத்திருப்போம் என்று ஆத்திரத்தோடு குறித்துவைத்திருக்கிறார். ஆகவே சோம்பல் என்ற குற்றச்சாட்டை வைப்பதானால், கோட்டைக்குள் செத்தவர்கள்மீது வைப்பதற்கு முன் இவர்களையும் கொஞ்சம் விசாரிக்கலாம்.