ஜஸ்பால் பட்டி: இன்ஜினியர், கார்ட்டூனிஸ்ட், டிவி நகைச்சுவையாளர். இத்தனையையும் இணைப்பது எது?

குழித்துறை மாணவி:

எல்லாருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் விஸ்காம் படிக்கிறேன். பத்திரிகை வேலையும் நகைச்சுவையும் கலந்த ஒருவரைப் பற்றி வகுப்பில் அரை மணி நேரம் பேச வேண்டும். பாதிப் பேர் சோவை எடுத்துவிட்டார்கள். நான் ஜஸ்பால் பட்டியை எடுத்திருக்கிறேன். யூடியூபில் அவருடைய பழைய தூர்தர்ஷன் தொடர் ‘ஃப்ளாப் ஷோ’ பார்த்துத்தான் இந்த ஆசை வந்தது. எனக்கு இந்தி அரைகுறைதான். ஆனாலும் அந்த சர்தார் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு பேசப் பேச எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

சந்தேகம் இதுதான். அவர் படித்தது எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங். பத்திரிகையில் கார்ட்டூன், தெருநாடகம், தூர்தர்ஷன், சினிமா, நடிப்புப் பள்ளி என்று வாழ்க்கை போயிருக்கிறது. இதை வரிசையாகச் சொன்னால் பயோடேட்டா வாசித்த மாதிரி ஆகிவிடும். எதைப் பிடித்துக்கொண்டு பேசலாம்? அந்தக் காலத்தில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அப்பாவைக் கேட்டால், “எங்களுக்கு அப்போ திருவனந்தபுரம் ஸ்டேஷன்தான் தெளிவா எடுக்கும், மலையாளம் பாத்தே வளர்ந்தோம்” என்கிறார்.

தக்கலை முன்னாள் ராணுவத்தான்:

மக்களே, நல்ல ஆளை எடுத்திருக்கிறாய். எண்பதுகளின் கடைசியில் நான் சண்டிகர் பக்கம் சண்டிமந்திரில் இருந்தேன். காலையில் பி.டி. முடிந்து வந்தால் ரிக்ரியேஷன் ரூமில் டிவி ஓடும். தூர்தர்ஷனின் காலை ஒளிபரப்பில் ‘உல்டா புல்டா’ என்று சில நிமிடத் துண்டு ஒன்று வரும். டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே பார்ப்போம். பஞ்சாபி, மலையாளி, நம்ம ஊர்க்காரன் எல்லாருக்கும் ஒரே இடத்தில் சிரிப்பு வரும். அன்றைய பஞ்சாப் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரிந்திருக்காது. துப்பாக்கியும் ஊரடங்குமாக ஜனங்கள் பயந்துகிடந்த காலம். அந்த நேரத்தில் காலையிலேயே ஒருவர் வந்து சிரிக்க வைத்துவிட்டுப் போனது பெரிய காரியம். அந்த மனுஷன் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

நீ கேட்டதற்கு வருகிறேன். அவர் பிறந்தது 1955இல், அமிர்தசரஸில். சண்டிகரில் பஞ்சாப் இன்ஜினியரிங் காலேஜில் படித்தார். அங்கேதான் ‘நான்சென்ஸ் கிளப்’ ஆரம்பித்து, ஊழலையும் அரசாங்க அலட்சியத்தையும் தெருநாடகமாகப் போட்டார். அப்புறம் ‘தி டிரிப்யூன்’ பத்திரிகையில் கார்ட்டூன் வரைந்தார். எனக்குத் தோன்றுவது, நீ பிடிக்க வேண்டியது இந்தக் கார்ட்டூன் வேலையைத்தான். கார்ட்டூனிஸ்டுக்குப் பேப்பரில் ஒரு கட்டம்தான் கிடைக்கும். அதற்குள் ஒரு விஷயத்தை மட்டும் சொல்லி முடித்துவிட வேண்டும். ‘உல்டா புல்டா’வை அப்படியே அந்தக் கட்டத்தின் அளவுக்குத்தான் செய்தார். டிவிக்குப் போனதும் பத்திரிகைக்காரன் வேலையை விட்டுவிட்டார் என்று நினைக்காதே. வரைந்ததை நடிக்க ஆரம்பித்தார், அவ்வளவுதான்.

1989இல் ‘ஃப்ளாப் ஷோ’ வந்தது. மொத்தமே பத்து எபிசோடுகள், சின்ன பட்ஜெட். மனைவி சவிதா பட்டிதான் தயாரிப்பு, கூடவே நடிப்பும். விவேக் ஷௌக்கும் இருப்பார். ஒவ்வொரு எபிசோடுக்கும் ஒரு தப்பு. ஆராய்ச்சி மாணவனை வீட்டு வேலைக்கு விரட்டும் கைடு, மருத்துவச் செலவு என்று பில் போட்டுப் பணம் கறக்கும் அரசு ஊழியர், மட்டமாகக் கட்டும் கான்ட்ராக்டர், டெலிபோனால் ஜனங்கள் படும் பாடு. இதில் முக்கியமான ஒன்றைப் பார். தப்பு செய்கிற ஆளாகப் பெரும்பாலும் அவரேதான் நடிப்பார். அந்த கைடும் அவர்தான். எதிரே நின்று விரல் நீட்டவில்லை. குற்றவாளியின் சட்டையைத் தானே போட்டுக்கொண்டு, இதில் என்ன தப்பு என்கிற முகத்தோடு பேசுவார். பார்க்கிற அதிகாரிக்கும் கோபம் வராது, ஆனால் தன் முகம் தெரிந்துவிடும். அரசாங்கத்தின் டிவியிலேயே அரசாங்க ஆபீஸைக் கிழிக்க முடிந்தது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஒழுகினசேரி நாடகப் பிரியன்:

அண்ணன் சொன்னது சரி. வகுப்பில் சோவைப் பற்றிப் பேசுபவர்களோடு ஒப்பிட்டும் ஒரு வார்த்தை சொல்லலாம். சோ வக்கீல். நாடகம் எழுதினார், சினிமாவில் நடித்தார், 1970 ஜனவரி 14இல் ‘துக்ளக்’ தொடங்கினார், 1999 முதல் 2005 வரை ராஜ்யசபா உறுப்பினர். அவர் மேடையிலிருந்து பத்திரிகைக்கு வந்தவர். பட்டி பத்திரிகையிலிருந்து டிவிக்குப் போனவர். சோவின் குறி தலைவர்கள் மேல், பட்டியின் குறி கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற ஆள் மேல். எனக்கு இரண்டாவதுதான் கடினமான வேலையாகப் படுகிறது. தலைவரை எல்லாரும் திட்டுவார்கள். பக்கத்து வீட்டு கிளார்க்கைச் சிரித்துக்கொண்டே கேள்வி கேட்பதற்குத் தைரியம் வேண்டும்.

நம்ம ஊர் கலைவாணரையும் விட்டுவிடாதே தங்கச்சி. வில்லுப்பாட்டில் தொடங்கி நாடகத்துக்கும் சினிமாவுக்கும் போனவர் அவர். ‘கிந்தனார்’ காலட்சேபத்தில், படிப்பு மறுக்கப்பட்ட பையன் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராகத் திரும்பி வருவதைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். பட்டி மாதிரி ஆள் நமக்குப் புதிதில்லை என்று உன் வகுப்புக்கு அப்போது புரியும்.

குழித்துறை மாணவி:

ரொம்ப நன்றி. அவரே தப்பு செய்கிறவராக நடித்தார் என்பதை நான் கவனிக்கவே இல்லை. இன்று மறுபடி பார்த்தேன், அண்ணன் சொன்ன மாதிரியேதான் இருக்கிறது. இன்னும் ஒன்று. டிவிக்குப் பிறகு என்ன செய்தார்? இந்தி தெரியாத வகுப்பில் எதைச் சொன்னால் உடனே புரியும்?

தக்கலை முன்னாள் ராணுவத்தான்:

1999இல் ‘மாஹௌல் டீக் ஹை’ என்று பஞ்சாபியில் ஒரு படம் இயக்கினார். மொஹாலியில் நடிப்புப் பள்ளி நடத்தினார். ஆனால் தெருவை விடவே இல்லை. ஹவாலா கட்சி, சூட்கேஸ் கட்சி என்று கிண்டலுக்குக் கட்சி தொடங்குவார். உன் வகுப்புக்கு நான் சொல்லச் சொல்வது 2009இல் விலைவாசி ஏறியபோது சண்டிகரில் அவர் போட்ட கடையை. கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவில் வளையம் வீசுகிற கடை பார்த்திருப்பாய் அல்லவா? சோப்பும் பொம்மையும் அடுக்கியிருக்கும், வளையம் எதில் விழுகிறதோ அது உனக்கு. அதே கடைதான். ஆனால் பரிசாக அடுக்கியிருந்தது காய்கறி, பருப்பு, எண்ணெய் பாட்டில். பருப்பு வாங்குவதற்கு அதிர்ஷ்டம் வேண்டும் என்பதை ஒரு வார்த்தை பேசாமல் சொல்லிவிட்டார். இதற்கு இந்தியும் வேண்டாம், சப்டைட்டிலும் வேண்டாம். பேச்சை இதிலிருந்தே தொடங்கு. கார்ட்டூன் கட்டத்தைத் தெருவில் நிஜமாகவே கட்டி வைத்த மாதிரிதான் அது.

கடைசிப் படம் ‘பவர் கட்’. எலக்ட்ரிக்கல் படித்தவர், கரண்ட் போவதைப் பற்றியே படம் எடுத்தார். அந்தப் படத்தின் விளம்பரத்துக்காக ஊர் ஊராகப் போனவர், 2012 அக்டோபர் 25இல் ஜலந்தர் மாவட்டம் ஷாகோட் அருகே கார் விபத்தில் இறந்துபோனார். மறுநாள் படம் ரிலீஸ். மகன் ஜஸ்ராஜ்தான் அதில் கதாநாயகன். அடுத்த ஆண்டு பத்மபூஷண் கொடுத்தார்கள். இதைக் கடைசியில் வைத்து வகுப்பை அழவைக்காதே. நடுவில் சொல்லிவிட்டு, அந்த கைடு எபிசோடில் ஐந்து நிமிடம் போட்டுக் காட்டு. உங்கள் பேராசிரியர்களும் பார்க்கட்டும்.