200-500 லென்ஸோடு நிற்கும் டி7500-க்குத் துணையாக எந்தச் சின்ன கேமரா?

ஏரிக்கரை:
என்னிடம் இருப்பது நிக்கான் டி7500 கேமரா, 200-500 மி.மீ. எஃப் 5.6 லென்ஸ். இரண்டும் சேர்ந்து மூன்று கிலோ. வேடந்தாங்கல், கரிக்கிலி பக்கம் பறவை எடுக்கத்தான் பெரும்பாலும் வெளியே வருவது. ஏரி முழுவதையும் எடுக்க, கூட வந்தவர்களை எடுக்க, காலடியில் தெரியும் பூச்சியை எடுக்க லென்ஸை மாற்ற வேண்டியிருக்கிறது. அதற்குள் காட்சி போய்விடும், சென்சாரில் தூசி ஏறிவிடும். பையில் போடும் அளவில் ஒரு காம்பாக்ட் வேண்டும். 30 மடங்கு ஜூம் கேமரா ஒன்றும், பழைய சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3 ஒன்றும் விலைக்கு வருகின்றன. எது சரி? போனே போதுமா?

நிழல்வரி:
30 மடங்கை விட்டுவிடுங்கள். அதன் சென்சார் 1/2.3 அங்குலம், பரப்பு சுமார் 28 ச.மி.மீ.; உங்கள் டி7500-இல் சுமார் 370. டி7500-இன் சென்சார் முழு ஃபிரேமைவிடச் சின்னது, அதனால் உங்கள் 200-500 லென்ஸ் முழு ஃபிரேம் கணக்கில் 300-750 மி.மீ. கோணம் தருகிறது. உங்களிடம் இல்லாதது 300-க்குக் கீழே இருப்பதுதான், காசை அங்கே போடுங்கள்.

மார்க் 3 அந்த இடத்துக்குப் பொருந்தும்: அதே கணக்கில் 24-70 மி.மீ., எஃப் 1.8-2.8 (லென்ஸ் துளையின் எண்; எண் சிறிதானால் துளை பெரிது), ஒரு அங்குல சென்சார், 290 கிராம். மேலே எழும்பும் வியூஃபைண்டர் உண்டு, ஏரிக்கரை வெயிலில் அதன் அருமை தெரியும். ஆனால் 1.8 என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். பின்புல மங்கலைப் பொறுத்தவரை அது உங்கள் டி7500-இல் எஃப் 3.2 மாதிரி, 70 மி.மீ. முனையில் எஃப் 5 மாதிரி.

நண்பகலில் ஐஎஸ்ஓ 125, எஃப் 1.8 வைத்தால் ஷட்டர் 1/10000 கேட்கும். இதில் 1/2000-க்கு மேல் கிடையாது, படம் வெளுத்துவிடும். உள்ளேயே மூன்று ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தை எட்டில் ஒரு பங்காகக் குறைப்பது) இருக்கிறது, அதைப் போட்டால் 1/1250-க்கு வந்துவிடும். மார்க் 6, 7-இல் ஜூம் 200 வரை போகிறது, இந்த என்டி இல்லை. எல்லாமே கூர்மையாக வேண்டும் என்று எஃப் 11-க்கும் போகாதீர்கள். இந்த சென்சாரில் 5.6 தாண்டினாலே விளிம்பு விளைவால் (சின்னத் துளையில் நுழையும் ஒளி பரவுவதால்) கூர்மை குறையத் தொடங்கும்.

இலைப்பூச்சி:
மேலே சொன்னது நிலக்காட்சிக்குச் சரி. பூச்சிக்குச் சரிவராது. மார்க் 3 5 செ.மீ. வரை நெருங்குவது 24 முனையில் மட்டும். அங்கே கேமராவின் நிழலே பூச்சி மேல் விழும், பூச்சியும் பறந்துவிடும். 70-க்குப் போனால் 30 செ.மீ. தள்ளி நிற்க வேண்டும்.

பூச்சிதான் முக்கியம் என்றால் ஒலிம்பஸ் டிஜி-6 பாருங்கள். மைக்ராஸ்கோப் முறையில் ஜூம் செய்தபடியே லென்ஸிலிருந்து 1 செ.மீ. வரை ஃபோகஸ் ஆகும். 15 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் தாங்கும், ரா (சென்சார் பதிந்தபடியே இருக்கும் கோப்பு) எடுக்கும், ஜிபிஎஸ் உண்டு (நாள் முழுக்க ஓடவிட்டால் பேட்டரி தீர்ந்துவிடும்). ஃபோகஸ் ஸ்டாக்கிங்கில் (ஃபோகஸை மாற்றி மாற்றி எடுத்த பல படங்களை ஒன்றாக்குவது) சேர்த்துத் தரும் படம் ஜேபெக் மட்டுமே. சென்சார் அதே 1/2.3தான், அந்தி சாய்ந்தால் இரைச்சல் வந்துவிடும்.

ஏரிக்கரை:
பூச்சி பத்தில் ஒன்றுதான். மார்க் 3 பக்கம் சாய்கிறேன். பழையதில் எதைச் சோதிக்க வேண்டும்? போன் பற்றி யாரும் சொல்லவில்லையே?

பழையசரக்கு:
1. முழு ஜூமில் எஃப் 11 வைத்து வெள்ளைச் சுவரை எடுங்கள். கரும்புள்ளி தெரிந்தால் சென்சாரில் தூசி. லென்ஸைக் கழற்ற முடியாத கேமரா, பிரித்துத்தான் துடைக்க வேண்டும்.
2. செங்கல் சுவருக்கு நேராக நின்று, எஃப் 2.8-இல் ஒரு படம். நான்கு மூலைகளில் ஒன்று மட்டும் குழைந்திருந்தால் கேமரா விழுந்திருக்கலாம், வேண்டாம்.
3. இருபது முறை ஆன், ஆஃப். லென்ஸ் தயங்கினாலோ கரகரத்தாலோ திருப்பிக் கொடுங்கள். வியூஃபைண்டரையும் ஃபிளாஷையும் எழுப்பி இறக்கிப் பாருங்கள்.
4. டார்ச் அடித்து லென்ஸுக்குள் பாருங்கள். சிலந்தி வலை மாதிரித் தெரிந்தால் பூஞ்சை. நம் கடலோர ஈரத்துக்கு இது சகஜம். வாங்கிய பிறகும் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பாவில் வையுங்கள்.

போன் விஷயம்: பகல் வெளிச்சத்தில், 24-28 கோணத்தில், திரையில் மட்டும் பார்ப்பதென்றால் போன் போதும். 70 மி.மீ. பக்கம் போகும்போதும், ரா கோப்பில் இருண்ட பகுதிகளை வெளிச்சமாக்கும்போதும்தான் மார்க் 3 காசுக்கு நியாயம் செய்யும். அந்த இரண்டும் தேவையில்லை என்றால் வாங்கவே வேண்டாம்.

நிழல்வரி:
வாங்கினால் முதல் வேலை, இரண்டு கேமராவின் கடிகாரத்தையும் ஒன்றாக்குவது. கிளம்பும் முன் போனில் நொடி ஓடும் கடிகாரத்தை இரண்டிலும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். நேரம் விலகியிருந்தால் லைட்ரூம் என்ற படத் திருத்த மென்பொருளில் அந்த வித்தியாசத்தைக் கொடுத்து மொத்தமாக நகர்த்தலாம். இரண்டுமே கோப்புப் பெயரை டிஎஸ்சி என்றுதான் தொடங்கும். நிக்கான் மெனுவில் அந்த மூன்று எழுத்தை மாற்றி வையுங்கள், இல்லாவிட்டால் தேடும்போது குழம்பும்.