தமரத்தையின் தாவரப் பெயர்: இரண்டாம் சொல்லை எப்படி அழைப்பது?

> இரண்டாம் சொல்லைச் ‘சிற்றினப் பெயர்’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் ஐயா. உயிரினங்களின் இருசொல் அறிவியல் பெயரில் பின்னால் வரும் அந்த இரண்டாம் சொல்லை விலங்கியலின் பெயரிடும் விதிகள் பெயர் என்றுதான் சொல்கின்றன, அங்கே உங்கள் சொல் பொருந்தும். தாவரவியலில் அப்படியில்லை. பேரினச் சொல்லும் (பேரினம் என்பது நெருங்கிய சிற்றினங்களின் குழு) அதையடுத்து வரும் சொல்லும் சேர்ந்தால்தான் சிற்றினத்தின் பெயர், பின்னது மட்டும் தனியே நின்றால் எந்த மரத்துக்கும் பெயராகாது. என் பரிந்துரை: சிற்றின அடைமொழி.

நாம் பேசிக்கொண்டிருக்கும் தமரத்தையையே, அதாவது நட்சத்திரப் பழ மரத்தையே, எடுத்துக்கொள்ளுங்கள். அவெரோவா கராம்போலா. முதல் சொல் 12ஆம் நூற்றாண்டில் கோர்தோபாவில் பிறந்த மெய்யியலாளர், மருத்துவர் இப்னு ருஷ்துவின் நினைவாக வைத்தது. அவருடைய பெயர் லத்தீனில் அவெரோயிஸ் ஆகி, இருசொல் பெயர்முறையை நிலைநாட்டிய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் கையில் ஒரு மரத்துக்குப் போனது. கராம்போலா போர்த்துக்கீசியர் மராத்தியிலிருந்து எடுத்துப்போன சொல், அதற்கும் பின்னால் சமஸ்கிருதக் கர்மரங்கம் இருக்கிறது. இதன் உடன்பிறப்பான பிலிம்பிக்குப் பெயர் கொடுத்தது மலாய். மலபார்ச் செடிகொடிகளைப் பற்றிய 17ஆம் நூற்றாண்டு லத்தீன் நூலான ஹோர்டஸ் மலபாரிகஸ் 3ஆம் தொகுதியில் தமரத்தை ‘தமர தோங்க’ என்ற மலையாளப் பெயரோடு படமாக இருக்கிறது, நம் சொல்லுக்கு எவ்வளவு நெருக்கம் பாருங்கள்! ஆனாலும் 1753இல் லின்னேயஸ் தேர்ந்தது கராம்போலாவை. எனக்கு அதில் இன்றும் வருத்தம்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அதே 1753இல் அரநெல்லியையும் இந்தப் பேரினத்தில்தான் சேர்த்தார், அவெரோவா அசிடா என்று. பிற்பாடு அது பில்லாந்தஸ் பேரினத்துக்கு மாறியபோது அசிடா, அசிடஸ் ஆனது. ‘புளிப்பான’ என்று பொருள்படும் பண்புச்சொல் அது, லத்தீனில் அவெரோவா பெண்பால், பில்லாந்தஸ் ஆண்பால், ஆகவே ஈறு மாறியே ஆகவேண்டும். கராம்போலாவுக்கு இந்தத் தொல்லை இல்லை, அது பெயர்ச்சொல் என்பதால் எந்தப் பேரினத்துக்குக் கொண்டுபோனாலும் அப்படியே இருக்கும்.

‘பெயர்ச்சொல்லை எப்படி அடைமொழி என்பது’ என்று கேட்பீர்கள். நம் இலக்கணத்திலேயே விடை இருக்கிறது. சாரைப்பாம்பு என்கிறோமே, இருபெயரொட்டு, சாரையும் பெயர்தான், ஆனால் எந்தப் பாம்பு என்று பிரித்துக் காட்டும் வேலையை அதுதான் செய்கிறது. தமிழில் சிறப்புப்பெயர் முன்னும் பொதுப்பெயர் பின்னும் வரும், லத்தீனில் தலைகீழ், அவ்வளவுதான் வேறுபாடு. இதற்காக ‘பின்னடை’ என்று ஒரு பரிந்துரையும் வந்தது, எனக்குப் பிடிக்கவில்லை. படித்தவுடன் பின்னடைவுதான் நினைவுக்கு வருகிறது.

அப்புறம் இரண்டு வகைக்கும் தனிச்சொல் வேண்டும். அசிடஸ் போன்றவற்றைப் பண்படை என்றும், கராம்போலா, பிலிம்பி போன்றவற்றை ஒட்டுப்பெயர் என்றும் நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்கலாமா? மறுப்பிருந்தால், மறுப்பவர்கள் மாற்றுச்சொல்லையும் அரநெல்லியில் பொருத்திக்காட்டி எழுதுங்கள்.