புதுப்பிப்பு: எம்சி (மருத்துவ விடுப்பு) போட்டவர் ஷிப்டுக்கு யார் போவது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலையில் யார் எம்சி போட்டாலும், கல்யாணம் ஆகாதவன் என்று அவர் இடத்துக்கு என்னையே கூப்பிடுகிறார்கள் என முன்பு இங்கே புலம்பியிருந்தேன். மேனேஜரிடம் போகச் சொன்னீர்கள். நான் மண்டோரிடம் (எங்கள் மேற்பார்வையாளர்) போனேன்.

"தம்பி, உனக்கு ஓட்டி காசு வருதில்ல?" என்றார் மண்டோர் அண்ணன். ஓட்டி, அதாவது கூடுதல் நேர வேலைக்குக் காசு வருகிறது, ஒன்றரை மடங்கு. ஆனால் ஓட்டி மாதத்துக்கு 104 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று சட்டமே இருக்கிறதே! அதைச் சொல்லி பஞ்ச் கார்டை மேசையில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்களில்கூட முத்திரை. அப்புறம் பேச்சு மாறியது.

இப்போது பஞ்ச் மெஷின் பக்கத்தில் எங்கள் பெயர்களை வரிசையாக எழுதிய ஒரு நோட்டு தொங்குகிறது. மாற்றாளாகப் போய் வந்தவர் பெயர் அடியில் போகும். மேலே இருப்பவருக்குத்தான் போன். பாய்லருக்கு மட்டும் இது செல்லாது. சான்றிதழ் உள்ளவர்தான் அங்கே நிற்க முடியும், அதனால் அவர்கள் பாடு இன்னும் திண்டாட்டம்தான்.

பொய் எம்சியைப் பிடி என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அது என் வேலை இல்லை. காய்ச்சலில் கிடப்பவனை நான் ஏன் சந்தேகப்பட வேண்டும்?

பெருநாள் ஷிப்ட் பற்றிக் கேட்டவருக்கு: தீபாவளிக்கு மலாய் நண்பர்கள் நிற்பார்கள், ஹரி ராயாவுக்கு (நோன்புப் பெருநாள்) நாங்கள். அதில் எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை.